ஊதாங்குழலும் கிளச்சுக் காலும்

கேஸ் டேங்கர் ஓட்டுகிறவனுக்குச் சாலையோர மரமெல்லாம் தெரிந்திருக்கும். வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு பீடி பற்றவைக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் ஒரு டேங்க் நிறைய கேஸ் இருக்கிறது. வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாக நல்ல தூரம் நடந்துபோய், ஏதாவது ஒரு மரத்தடியில் நின்றுதான் பற்றவைக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு ரூட்டிலும் எங்களுக்கென்று சில மரங்கள் உண்டு. தொப்பூர் இறக்கம் முடிந்ததும் ஒரு புங்கமரம். ஓமலூர் தாண்டி ஒரு வேம்பு. ராசிபுரம் போகும் வழியில் தனியாக நிற்கும் ஒரு புளியமரம். பீடி மரம் என்றுதான் சொல்வோம். அந்த மரங்களுக்குக் கீழே புல் முளைத்து நான் பார்த்ததில்லை. அத்தனை கால்கள் மிதித்திருக்கின்றன.

எனக்கு அந்த மரத்தடிகள் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டியிருந்தன. நான் கூச்ச சுபாவம் உள்ளவன். நாலு பேர் கூடினால் என் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, அதனால்தான் பேச்சு வரவில்லை என்று அம்மா சொல்வாள். அது காரணமில்லை. படிக்காதவர்களில் எத்தனையோ பேர் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். எனக்கு அது அமையவில்லை, அவ்வளவுதான். ஆனால் கையில் ஒரு பீடி இருந்தால் எந்தக் கூட்டத்திலும் நிற்கலாம். வாயில் புகை இருக்கும்போது ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் வண்டியில் டிரைவர் இரண்டு பேர். ஒருவர் ஓட்டினால் ஒருவர் தூங்கலாம். என்னோடு ஓட்டியவர் அயோத்தியாப்பட்டணத்துக்காரர். எங்களுக்குள் சொந்தம் கிடையாது. லாரி வழக்கத்தில் நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். நான் நாமக்கல் பக்கம். பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடுவேன். அதை வைத்து அவர் என்னைக் கேலி செய்யாத நாளே கிடையாது. தூக்கத்தில் உளறும்போதுகூட இவன் மரியாதையாகத்தான் உளறுவான் என்று டேங்கர் யார்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். நான் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மங்களூரிலிருந்து சேலம் வரைக்கும் பேசிக்கொண்டே வருவார். நான் ஆமாங்க, ஆமாங்க என்று கேட்டுக்கொண்டு வருவேன். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போனது.

அவருக்கு முதலில் கால் மரத்தது. இடது கால் கட்டைவிரல். ஓட்டிக்கொண்டே இருக்கிற காலுக்கு மரப்பு புதிதில்லை என்று விட்டுவிட்டார். பிறகு விரல் சில்லென்று ஆனது. வெயிலில் நிற்கும்போதும் அந்த விரலைத் தொட்டால் பானைத் தண்ணீரைத் தொட்டது போல இருக்கும். நகத்தோரம் கறுக்கத் தொடங்கியதும்தான் சேலத்தில் ரத்தக்குழாய் பார்க்கிற டாக்டரிடம் போனோம். துணைக்கு நானும் போனேன். டாக்டர் விரலை அழுத்திப் பார்த்தார், ஏதோ மெஷின் வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்தார், எத்தனை வருஷமாகப் பீடி என்று கேட்டார். மச்சான் மீசை முளைப்பதற்கு முன்னாலிருந்து என்றார். பீடி பிடித்துப் பிடித்து ரத்தக்குழாய் சுருங்கிவிட்டது, இனி ஒரு பீடி பிடித்தாலும் இந்த விரல் போகும், அதோடு நிற்காது, பாதமும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து எழுதிக் கொடுத்தார். நிறைய நடக்கச் சொன்னார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டும்போது மச்சான் சிரித்தார்.

“எந்தக் காலுன்னு பாத்தியா மாப்ள? கிளச்சுக் காலு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலது கால் ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும். இடது கால் கிளச்சுக்கு. அது இல்லாமல் டேங்கர் ஓட்ட முடியாது. அவருக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது.

அன்றைக்கே விட்டுவிட்டார். நானும் விட்டேன். சபதமெல்லாம் எடுக்கவில்லை. அவர் சும்மா நிற்கும்போது எதிரே நின்று ஊத எனக்கு மனசு வரவில்லை. கடலை மிட்டாய் தின்றோம். கிராம்பு கடித்தோம். அவர் பேச்சு குறைந்து கோபம் கூடியது. சுங்கச்சாவடியில் சில்லறைக்காகச் சண்டை. சாப்பாட்டுக் கடையில் ரசத்துக்காகச் சண்டை. மரங்கள் வரும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். இப்படியே போனால் அவர் மறுபடியும் பீடியைத் தொட்டுவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மங்களூரில் லோடுக்குக் காத்திருந்த ஒரு நாள், கண்ணாடி போட்ட ஒரு கடைக்குள் மச்சான் போனார். காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். நான் வெளியிலேயே நின்றுகொண்டேன். திரும்பி வரும்போது அவர் கையில் பேனாவை விடக் கொஞ்சம் பருமனாக, கறுப்பாக ஒன்று இருந்தது. கூடவே சொட்டு மருந்து பாட்டில் போலச் சின்னச் சின்ன பாட்டில்கள்.

“நெருப்பு இல்ல, சாம்பல் இல்ல. டாக்டர் என்ன சொன்னாரு? பீடி கூடாதுன்னாரு. இது பீடியா?”

எலக்ட்ரானிக் சிகரெட் என்று கடைக்காரர் சொன்னாராம். உள்ளே இருக்கும் தண்ணியை பேட்டரி சூடாக்கும், அது ஆவியாக வரும், அவ்வளவுதான் என்றாராம். எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், பதில் தேடவும் விருப்பமில்லை. அவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்திருந்தது. அது போதும் என்று இருந்தது.

நெருப்பே இல்லையே, வண்டிக்குள்ளேயே ஊதலாம் என்று கிளம்பினார். அங்கே மட்டும் வாயைத் திறந்தேன். பேட்டரி பேட்டரிதானுங்க, மரத்துக்கே போயிரலாமுங்க என்றேன். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

தொப்பூர் இறங்கி அந்தப் புங்கமரத்தடியில் அவர் முதல் முறை ஊதியது கண்ணிலேயே இருக்கிறது. மாம்பழ வாசனை. சீசன் இல்லாத மாதம். சேலத்துக்காரனுக்கு மாம்பழ வாசனை எந்த மாதத்தில் வந்தாலும் மனசு ஒரு நிமிஷம் நிற்கும். வெள்ளையாக, பெரிய புகை. போகிற பஸ்ஸிலிருந்து தலைகள் திரும்பின. அவர் ஊதிவிட்டு, வாய் வைக்கிற இடத்தைத் துண்டால் துடைத்து என்னிடம் நீட்டினார். நானும் இழுத்தேன். இருமல் வந்தது. பிறகு பழகிவிட்டது. என் கைக்கு மறுபடியும் ஒரு வேலை கிடைத்தது.

அடுத்து வந்த மாதங்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

சேலத்துக்குப் பக்கத்தில் கேஸ் இறக்குகிற பிளாண்ட் ஒன்று. வெளியே டேங்கர்கள் நிற்க ஒரு பெரிய யார்டு. சில சமயம் இன்று வந்தால் நாளை மறுநாள்தான் உள்ளே விடுவார்கள். கேட்டில் ஒரு தகர டிரம் இருக்கும். உள்ளே போகிற டிரைவர்கள் எல்லாரும் தீப்பெட்டியை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். வெளியே வரும்போது கைக்கு எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்வோம். யாரும் தன் தீப்பெட்டியைத் தேடி எடுத்ததில்லை. ஆனால் இந்த மெஷினை டிரம்மில் போட முடியாது. போட்டால் திரும்பி வராது. அதனால் யார்டு வாசலில் டீக்கடை வைத்திருந்த அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவார் மச்சான்.

அக்கா முதல் முறை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒரு முனையில் ஓட்டை இருக்கிறதா என்று கண்ணை வைத்துப் பார்த்தது.

“ஊதாங்குழலு இருக்குது. அடுப்பு எங்கீங்க சாமி?”

யார்டே சிரித்தது. அன்றிலிருந்து அதற்கு ஊதாங்குழல் என்றே பேர். அக்கா அதைக் கடலைமாவு டப்பாவுக்குள் புதைத்து வைக்கும். அங்கேதான் யார் கையும் போகாது என்று சொல்லும். நாங்கள் கேஸ் இறக்கிவிட்டு வந்ததும் மாவைத் தட்டி, முந்தானையில் துடைத்து, இந்தாங்க உங்க அடுப்புச் சாமான் என்று நீட்டும்.

பார்க்கிறவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் வாங்கினார்கள். திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் புதினா வாசனை வைத்திருந்தார். மேச்சேரியிலிருந்து வரும் ஒருவர் தர்பூசணி. இன்னொருவரிடம் இருந்தது என்ன வாசனை என்று கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. அவர் அதைப் பன்னீர் என்றார். மற்றவர்கள் சோப்பு என்றார்கள். யார்டு சுவரோரம் ஒரு வேப்பமரம். சாயங்காலம் நாங்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவோம். பீடிக்காரர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஜூஸ் கடை தொறந்தாச்சா என்று குரல் கொடுப்பார்கள். மச்சான் உடனே ஆர்டர் எடுப்பார். உங்களுக்குச் சர்க்கரை போட்டா, போடாமலா என்பார்.

நான் அந்த மரத்தடியில் எல்லாருக்கும் நடுவில் நின்றேன். சுவர்ப் பக்கம் ஒதுங்கவில்லை. அவர்கள் என் கையிலிருந்து வாங்கினார்கள், என் கையில் கொடுத்தார்கள். எந்த பாட்டில் நன்றாக இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அதைக் காதில் வாங்கினார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் அதற்கு முன் நான் இருந்ததில்லை. கல்யாண வீட்டில்கூட இருந்ததில்லை. என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தடை வந்த செய்தியை அக்கா கடை டிவியில்தான் பார்த்தோம். எலக்ட்ரானிக் சிகரெட்டுக்கு நாடு முழுக்கத் தடை. செய்யக் கூடாது, விற்கக் கூடாது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது, இருப்பு வைக்கக் கூடாது, எடுத்துச் செல்லக் கூடாது என்று வாசித்தார்கள். பிறகு மச்சான் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“எடுத்துட்டுப் போறது குத்தம்னா, நாம டிரான்ஸ்போர்ட்டுக்காரங்களாச்சே. சட்டைப் பையில இருந்தா அது லோடா, இல்லையா?”

அன்றைக்கு முழுக்க அதுதான் விவாதம். ஊதினால் குற்றமில்லை, விற்றால்தான் குற்றம் என்றார் ஒருவர். ஒன்று வைத்திருந்தால் பரவாயில்லை, நிறைய வைத்திருந்தால்தான் பிடிப்பார்கள் என்றார் இன்னொருவர். நிறைய என்றால் எத்தனை என்று யாருக்கும் தெரியவில்லை. பீடிக்காரர்கள் பக்கம்தான் கொண்டாட்டம். அக்கா கடலைமாவு டப்பாவிலிருந்து ஊதாங்குழலை எடுத்து மச்சான் கையில் வைத்துவிட்டது. இனிமேல் வைத்துக்கொள்ள முடியாது, இருப்பு வைக்கக் கூடாது என்று டிவியிலேயே சொல்லிவிட்டார்கள், என் மாவு டப்பாவோடு என்னையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றது. சிரித்துக்கொண்டுதான் சொன்னது. ஆனாலும் வாங்கிக்கொள்ளவில்லை.

எங்களுக்கு ஒன்று புரியவே இல்லை. அக்கா கடையிலேயே பீடிக் கட்டு மாலை மாலையாகத் தொங்கியது. அதை யாரும் தடுக்கவில்லை. இதை மட்டும் ஏன் தடுத்தார்கள்? மச்சான் அதைக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிப் போனார். அவர் கேட்டதில் தப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் எங்களுக்குத் தெரியாத பாதி ஒன்று இருந்தது. அது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த முறை மங்களூர் போனபோது அந்தக் கண்ணாடிக் கடையில் செல்போன் உறை விற்றார்கள். எங்கள் கூட்டமும் கலைந்தது. திருச்செங்கோட்டுக்காரர் மறுநாளே சிகரெட்டுக்குத் திரும்பினார். எனக்கென்னவோ அவருக்கு அதில் ஒரு நிம்மதி இருந்ததாகத் தோன்றியது. சார்ஜ் போடுகிற வேலை மிச்சம் என்றார். மேச்சேரிக்காரர் யாரோ ஒருவரிடம் ரகசியமாக வாங்கி, வீட்டுக் குளியலறைக்குள் போய் ஊதினார். போலீசுக்குப் பயந்து இல்லை. தர்பூசணி வாசனை எங்கிருந்து வருகிறது என்று மனைவி தேட ஆரம்பித்துவிட்டாராம். அப்படி ஒளிந்து ஊதுவதில் என்ன ருசி என்று அவரும் கொஞ்ச நாளில் விட்டுவிட்டார். பன்னீர்க்காரர் வேறு ரூட்டுக்குப் போய்விட்டார். வேப்பமரத்தடியில் மச்சானும் நானும் மட்டும் நின்றோம். ஜூஸ் கடை மூடியாச்சா என்று ஒருநாள் கேட்டார்கள். மச்சான் பதில் சொல்லவில்லை. மறுநாள் அவர்களும் கேட்கவில்லை.

மற்றவர்களுக்கு அது போனால் போகிற சமாச்சாரம். மச்சானுக்கு அப்படியில்லை. அது தீர்ந்தால் அடுத்து பீடிதான், பீடி என்றால் கால்தான். அதனால் மிச்சமிருந்த பாட்டிலை மரக்கணக்கில் செலவழித்தார். மலைப்பாதையில் கிடையாது. கிருஷ்ணகிரி மரத்துக்குக் கிடையாது. தொப்பூர் புங்கமரத்துக்கு மட்டும் உண்டு. மற்ற மரத்தடியில் இறங்கி, பட்டனை அழுத்தாமல் சும்மா வாயில் வைத்துக்கொண்டு நிற்பார். நான் என் பங்கை வேண்டாமென்று விட்டேன். எனக்குக் கால் நன்றாக இருந்தது.

அப்போதுதான் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அத்தனை வருஷத்தில் மச்சான் கியர் மாற்றும்போது நான் சத்தம் கேட்டதே இல்லை. தூங்குகிறவனை எழுப்பாமல் மாற்றுவார். இப்போது கர்ரென்று பல் கடிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். கிளச்சை விரல் பக்கமாக அழுத்தாமல் குதிகாலால் அழுத்திக்கொண்டிருந்தார். முழுதாக இறங்கவில்லை. அந்தக் காலில் சாக்ஸ் வேறு. வெயில் காலத்தில் அவர் சாக்ஸ் போட்டு நான் பார்த்ததில்லை. விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தேறி வருது என்றார். காட்டுங்க என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

பாட்டில் தீர்ந்த அன்றைக்கு மச்சான் ஒரு காரியம் செய்தார். சளிக்கு முகர்வதற்காக வண்டியில் எப்போதும் நீலகிரி தைலம் வைத்திருப்போம். மார்புச்சளிக்கே நல்லது, நுரையீரலுக்குக் கெடுதியா செய்யும் என்று சொல்லி அதை ஊதாங்குழலுக்குள் ஊற்றினார். நான் தடுப்பதற்குள் புங்கமரத்தடியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருமி இருமிக் கண் சிவந்து, மூச்சு வாங்கி, வாந்தியும் எடுத்தார். முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்தேன். ஊதாங்குழலுக்குள் ஏதோ கருகிய வாடை. அதற்குப் பிறகு அது வேலை செய்யவே இல்லை.

“சட்டம் போட்டும் சாகாதது, தைலம் போட்டுச் செத்துருச்சு” என்றார் மச்சான், மூச்சு வாங்கிக்கொண்டே.

பிறகு எழுந்து, சாலையைக் கடந்து, எதிரே இருந்த பெட்டிக்கடைக்குப் போனார். ஒரு பீடிக் கட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். தீப்பெட்டி வாங்கவில்லை. பயப்படாத, பத்த வைக்க மாட்டேன், பக்கத்துல இருந்தா ஒரு தைரியம் என்றார். வண்டியில் ஏறியதும் நான் ஓட்டினேன். அவர் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் சாலையைப் பார்த்ததை விட அந்தக் கையைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்த வாரமே டாக்டரிடம் போக வேண்டிய முறை. சாக்ஸைக் கழற்றினார். விரல் நுனி கரிக்கட்டை மாதிரி இருந்தது. டாக்டர் அதை அழுத்திப் பார்த்தார். பீடி நின்றதா என்று கேட்டார். விட்டு ரொம்ப நாளாச்சு சார் என்றார் மச்சான். அது பொய்யில்லை. டாக்டர் மருந்துச் சீட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், பீடியை விட்டவருக்கு ஏன் இப்படிப் போகிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வேறு ஏதாவது பழக்கம் உண்டா, மூக்குப்பொடி, ஹான்ஸ் புகையிலை, எதுவானாலும் சொல்லுங்கள் என்றார். எதுவும் இல்லை என்று மச்சான் தலையாட்டினார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்த ரூமில் நான் இருப்பதே டாக்டருக்கு ஞாபகம் இருந்திருக்காது. மச்சான் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் பேசியிருக்க மாட்டேன்.

“சார், அவரு ஒண்ணு ஊதிக்கிட்டு இருந்தாருங்க. கரண்டு சிகரெட்டுங்க.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். மச்சான் சொல்லவில்லை, நான் சொன்னேன். டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மச்சானுக்கு நேரே உட்கார்ந்து, பொறுமையாகத்தான் பேசினார்.

“அதுலயும் நிக்கோட்டின்தாங்க. பீடியில வந்துச்சா, பேட்டரியில வந்துச்சான்னு ரத்தக்குழாய்க்குத் தெரியாது. அதுக்குச் சுருங்கத்தான் தெரியும்.”

எங்களுக்குத் தெரியாமல் போன பாதி அதுதான். பீடியைத் தடுக்காமல் இதை மட்டும் தடுத்தது சரியா என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது கேட்டாலும் அதேதான். ஆனால் மச்சான் காலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்று. கடை மூடாமல் இருந்திருந்தால் அவர் அந்தக் காலோடு இன்னும் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று யோசிக்கவே எனக்குப் பயம். விரல் நுனியை எடுத்துவிட வேண்டும், எந்த வடிவிலும் புகையிலைச் சரக்கு உள்ளே போகாமல் இருந்தால் பாதம் நிற்கும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்து பஸ் ஸ்டாண்டு வரும்வரை மச்சான் பேசவில்லை. அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அவர் ஊர் வழியாகப் போகிற ஆத்தூர் பஸ் நிற்கிற இடத்தில் நின்றார்.

“இத்தன வருஷத்துல ஒரே ஒரு தடவ வாயத் தொறந்த. அதுவும் என்னப் போட்டுக் குடுக்க.”

“கிளச்சு நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானுங்க மச்சான்” என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பீடிக் கட்டை எடுத்து, நூலை அறுத்து, சாக்கடைக்கு மேலே பிடித்துக் கையை விரித்தார். அப்புறம் பஸ் ஏறிவிட்டார். வாரேன் என்றோ போறேன் என்றோ சொல்லவில்லை.

விரல் நுனியை எடுத்தார்கள். அவர் வீட்டில் இருந்த நாட்களில் எனக்குத் துணையாக வேறொரு டிரைவரை ஓனர் போட்டார். அவர் நல்லவர்தான். காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி வருவார். வண்டி அமைதியாக ஓடியது. நான் ஆமாங்க சொல்ல யாருமில்லை. காலி வண்டியோடு சேலம் வரும்போதெல்லாம் அயோத்தியாப்பட்டணம் போய்ப் பார்ப்பேன். முதல் தடவை மச்சான் முகம் கொடுக்கவில்லை. அவர் மனைவிதான் காபி கொடுத்து, பேசாம போய்டாதீங்க அண்ணா, உள்ளுக்குள்ள சந்தோஷந்தான் அவருக்கு என்றார். இரண்டாம் தடவை அவரே கூப்பிட்டுக் காலைக் காட்டினார். தையல் பிரித்திருந்தது. பாதம் சூடாக இருக்கிறது, தொட்டுப் பார் என்றார். தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. நடக்கச் சொல்லியிருக்காங்கன்னு கடைத்தெருவுக்குப் போனா, பீடி பிடிச்சுட்டுப் போன ஒருத்தன் பின்னாலயே கோயில் முனை வரைக்கும் போயிட்டேன் மாப்ள, கடைசியில அந்த ஆளு திரும்பி என்னன்னு கேட்டுட்டான் என்று சொல்லிச் சிரித்தார். என்னங்க சொன்னீங்க என்றேன். அட்ரஸ் கேட்டேன் என்றார்.

அவர் வண்டிக்குத் திரும்பி வந்த முதல் டிரிப்பில் மங்களூரிலிருந்து நான்தான் ஓட்டினேன். மரங்கள் வந்தபோது பழக்கத்தில் வண்டி தானாகவே ஓரம் போனது. இறங்கினோம். நடந்தோம். டாக்டர் நடக்கத்தானே சொன்னார். மரத்தடியில் நின்றோம். இரண்டு பேர் கையிலும் ஒன்றுமில்லை. பழைய கூச்சம் எனக்கு முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. கையைக் கட்டினேன், அவிழ்த்தேன், இடுப்பில் வைத்தேன். மச்சானும் பையைத் தடவினார், அது காலி. வழக்கமாகப் பேசுகிற அவருக்கும் பேச்சு வரவில்லை. பேசினால் தொண்டை புகை கேட்கிறது என்றார்.

தொப்பூர் இறங்கிப் புங்கமரத்தடிக்கு வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. எதிரே அந்தப் பெட்டிக்கடை. பீடி கட்டுக் கட்டாகத் தொங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எதாவது பேசு மாப்ள” என்றார். “என்னால முடியல. நீ பேசு.”

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில், அப்பாவும் நானும் மேச்சேரிச் சந்தையில் ஆட்டுக்கிடா வாங்கிய கதையை ஆரம்பித்தேன். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. அந்தக் கிடா பாதி வழியில் நடுரோட்டில் படுத்துக்கொண்டு நகர மாட்டேன் என்றது. அப்பா இழுத்தார், நான் தள்ளினேன். கடைசியில் ஒரு பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டர் கையில் காலில் விழுந்து அதைப் பின் சீட்டில் ஏற்றினோம். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க எங்கள் பக்கம் குனிந்தார். கிடா டிக்கெட் கட்டைக் கடித்து இழுத்தது. இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. சில இடத்தில் திக்கியது. மச்சான் பெட்டிக்கடையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“இதெல்லாம் இத்தன நாளா எங்கடா வச்சிருந்த?”

வண்டிக்குத் திரும்பி நடந்தோம். நான் டிரைவர் பக்கம் போனேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே ஏறினார். நான் எதுவும் சொல்லாமல் சுற்றி வந்து இந்தப் பக்கம் ஏறினேன். சாவியைத் திருப்பினார். இடது பாதத்தைத் தூக்கிக் கிளச்சின் மேல் வைத்து, கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தி, அதற்கு வசதியான இடத்தைத் தேடினார். விரல் நுனி இல்லாத இடத்தில் ஷூ மடிந்தது. மெல்ல அழுத்தினார். முழுதாக இறங்கியது. வலிக்குதுங்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். வண்டி சாலையில் ஏறி, ஓமலூர் பக்கம் திரும்பியது.

“சரி, கண்டக்டர் என்ன சொன்னான்?” என்றார்.

நான் விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன்.